அம்மம்மாவின்ர கூறைச்சீலை மடிப்பில வெடிக்குது, என்ன செய்யலாம்?

கொக்குவில் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். பழைய துணிகளைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் உதவி செய்யுங்கோ.

எங்கட அம்மம்மாவின்ர கூறைச்சீலை என்னட்ட இருக்கு. 1956 ஆம் ஆண்டு கலியாணத்துக்கு எடுத்தது. அரக்குச் சிவப்புப் பட்டு, பச்சைக் கரை, முந்தானை முழுக்கச் சரிகை. காஞ்சிபுரத்துப் பட்டு எண்டு அம்மா சொல்லுவா. யாழ்ப்பாண ஆக்கள் யுத்தத்தால ஓடின 1995 இடப்பெயர்வில அம்மம்மா அதை றங்குப்பெட்டியில வைச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டவ. பெட்டி கொடிகாமத்தில பெரியம்மா வீட்டில நிண்டிட்டுது, அம்மம்மாவும் அம்மாவும் கிளிநொச்சிக்குப் போயிட்டினம். அம்மம்மா அங்கதான் மோசம் போனா. சுமங்கலியாப் போற மனுசியைக் கூறை உடுத்தித்தான் எரிக்கிறது வழக்கம், அது கையில இல்லாததால வேற சீலை உடுத்தித்தான் எடுத்தவை. அதாலதான் இந்தச் சீலை இண்டைக்கும் இருக்கு. பெட்டி திரும்பி வந்த பிறகும் அம்மாவுக்கு அதை விரிக்க மனம் வரேல்லை.

போன கிழமை திறந்தன். பழைய பேப்பரில சுத்தி, பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, நப்தலீன் உருண்டையும் வைச்சிருக்கு. முதல் மடிப்பை எடுக்கவே சரக்கெண்டு ஒரு சத்தம். மடிப்பு வழிய நாலு விரல் நீளத்துக்குப் பட்டு வெடிச்சுப் போச்சு. கரையும் உடலும் சேருற இடத்திலயும் கீறல் கீறலா இருக்கு. சரிகை கறுத்துப் போச்சு, ஒரு மூலையில பச்சையாப் பூத்திருக்கு. அதுக்கு மேல விரிக்கப் பயந்து மூடி வைச்சிட்டன்.

தைக்கிற அண்ணை சொல்லுறார், பின்னால கன்வஸ் வைச்சு அயன் பண்ணி ஒட்டினால் அசையாதாம். மாமி ஷாம்பு போட்டு மெல்லமா அலசச் சொல்லுறா. லண்டனில இருக்கிற அக்கா, பாதியை வெட்டி அனுப்பு, சட்டம் போட்டு விறாந்தையில மாட்டப் போறன் எண்டுறா. ஆற்ற சொல்லைக் கேக்கிறது?

சுன்னாகம் சிவா:

கொழும்பில நல்ல ட்ரை கிளீனிங் கடையள் இருக்கு, குடுத்துப் பாருங்கோ அக்கா. சரிகை கறுத்ததுக்குப் பழப்புளி போட்டு மினுக்கலாம். எங்கட வீட்டுக் குத்துவிளக்கு அப்பிடித்தான் மினுக்கிறது, புதுசு மாதிரி வரும்.

உரும்பிராய் பழந்துணி:

பிள்ளை, மூடி வைச்சது நல்ல வேலை. இப்போதைக்கு அந்த மடிப்பைத் திருப்பாதேங்கோ, உதறாதேங்கோ, தண்ணி காட்டாதேங்கோ. சிவா தம்பி குறை நினைக்கக்கூடாது, பழப்புளி பித்தளைக்குச் சரி, சரிகைக்குச் சரிவராது. ஏனெண்டு கீழ சொல்லுறன்.

நான் கனடாவில ஒரு அருங்காட்சியகத்தின்ர துணிப் பகுதியில வேலை செய்து இளைப்பாறி, இப்ப உரும்பிராயில இருக்கிறன். எத்தினையோ நாட்டுப் பட்டுகள் என்ர மேசைக்கு வந்தது. எங்கட ஊர்க் கூறை ஒண்டும் வரேல்லை. அதால உங்கட கேள்வியைக் கண்டவுடன நித்திரையும் போட்டுது, விரிவாத்தான் எழுதப்போறன்.

பட்டு எண்டது புரதம். புழு விடுற நூலில உள்ளுக்கு ஃபைப்ரோயின், வெளியில செரிசின் எண்ட பசை. அவிச்சு அந்தப் பசையை எடுக்கத்தான் பட்டுக்கு மினுக்கம் வரும். ஆனால் எடுக்கேக்க நிறையில ஏறக்குறைய நாலில ஒரு பங்கு போயிடும். அந்த நட்டத்தை ஈடுகட்ட, 19 ஆம் நூற்றாண்டின்ர கடைசியிலயும் அதுக்குப் பிறகும் ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் பட்டை வெள்ளீய உப்பில தோய்ச்சு நிறை ஏத்தினவை. அந்தக் காலத்துக் கவுண்கள் இப்ப தொட்ட இடமெல்லாம் கிழியுது, உடுத்தாமல் பெட்டியில கிடந்ததும் கிழியுது. உங்கட சீலை அந்த வகை எண்டு நான் நினைக்கேல்லை. வெடிப்பு மடிப்பிலயும் கரைச் சேர்க்கையிலயும் மட்டும் எண்டால் உடல் இன்னும் உயிரோட இருக்கு எண்டுதான் அர்த்தம்.

ஃபைப்ரோயினை வெளிச்சம், அமிலம், ஈரம், சூடு எல்லாம் மெல்ல மெல்ல அறுக்கும். உங்கட சீலைக்கு வெளிச்சம் படேல்லை, அது பெரிய பாக்கியம். அமிலம் பட்டிருக்கு. பத்திரிகைத் தாள் மரக்கூழில செய்யிறது, மரத்தின்ர லிக்னின் அதுக்குள்ள அப்பிடியே இருக்கு. பழசாகப் பழசாக அது அமிலம் விடும். பேப்பர் மஞ்சளாகி நொறுங்கிறதுக்குக் காரணமும் அதுதான், பக்கத்தில கிடக்கிற பட்டை அரிக்கிறதும் அதுதான். அதோட ஒரே மடிப்பு இத்தினை வருசம். மடிப்பின்ர வெளிப்பக்க நூல் இழுபட்டபடி, உள்பக்க நூல் நசிபட்டபடி கிடந்திருக்கு.

கரைச் சேர்க்கை வேற கதை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சீலையில உடலுக்கு ஒரு நாடா (தறியில குறுக்கு நூலைக் கொண்டு ஓடுற கட்டை), கரைக்கு வேற நாடா ஓடும். ரெண்டின்ர ஊடு நூலும் சேருற இடத்தில ஒண்டை ஒண்டு கொளுவிப் பிடிச்சிருக்கும். வடிவாப் பார்த்தால் அந்த இடத்தில கோடு நேரா இராது, சின்னச் சின்னப் பல்லுப் பல்லாத் தெரியும். ஒரு பக்கம் சரிகையால விறைச்ச பாரமான கரை, மற்றப் பக்கம் மெல்லிய உடல். அசையிற நேரமெல்லாம் இழுவை முழுக்க அந்தப் பல்லிலதான் விழும்.

இனிச் சரிகை. நல்ல சரிகையில நடுவில பட்டு நூல், அதைச் சுத்தித் தட்டையாத் தட்டின வெள்ளிக் கம்பி, கம்பிக்கு மேல பொன் முலாம். நீங்கள் பார்த்த கறுப்பு ஊத்தை இல்லை. காத்தில இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து வாற வெள்ளி சல்பைட்டு. றப்பர் பாண்ட், கம்பளி, புகை எல்லாம் கந்தகம் விடும். அந்தக் கறுப்பால பட்டுக்கு ஒரு கேடும் இல்லை, அது பாட்டில இருக்கட்டும். பழப்புளி, தேசிக்காய், பற்பசை, கடையில விக்கிற வெள்ளி மினுக்கித் திரவம் எது போட்டாலும் கறுப்போட சேர்ந்து முலாமும் போயிடும், முலாம் அவ்வளவு மெல்லிசு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவித் துடைக்கலாம். சரிகைக்குள்ள இருக்கிற பட்டு நூலில ஊறின புளியை ஆராலயும் எடுக்கேலாது. அது உள்ளுக்கு இருந்து அரிக்கும்.

பச்சை செம்பிலயிருந்து வாறது. சரிகையில செம்பு கலந்திருந்தால் உப்பும் ஈரமும் பட்ட இடத்தில பூக்கும். எங்கட குடாநாட்டில எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை, வியர்வையிலயும் உப்பு இருக்கு. ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, சீலையை அசைக்காமல், சரிகை தேஞ்ச இடத்தைப் பாருங்கோ. உள்ளுக்கு என்ன நிற நூல் தெரியுது எண்டு எழுதுங்கோ.

தைக்கிற அண்ணையின்ர கன்வஸ் வேண்டவே வேண்டாம். அது பசை. சூட்டில உருகிப் பட்டுக்குள்ள இறங்கினால் பிறகு பிரிக்கேலாது. பசை பிடிச்ச இடம் விறைச்சு நிக்க, அதின்ர விளிம்பு வழிய அடுத்த வெடிப்பு வரும். செலோடேப்பும் அப்பிடித்தான்.

மாமியின்ர அலசலும் வேண்டாம். நனைஞ்ச பட்டு காய்ஞ்ச பட்டை விடப் பலம் குறைஞ்சது. சிவப்பு ஓடிப் பச்சைக் கரையில ஏறினால் அதுக்கு மருந்தில்லை. இன்னொண்டு, எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது. சவர்க்காரம் அதில நுரைக்காமல் திரையும், அந்தத் திரைச்சல் துணிக்குள்ள தங்கிப் பிறகு மஞ்சளாகும். உறுதியான பருத்திகளைத் தோய்க்கேக்கையே கடைசி அலசலுக்கு மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுப் பாவிக்கச் சொல்லுவன். ட்ரை கிளீனிங்கில தண்ணி இல்லாட்டிலும் மெசினுக்குள்ள போட்டு உருட்டுவினம், இந்தச் சீலை துண்டு துண்டா வரும்.

இப்ப செய்யக்கூடியது இதுதான். பேப்பரையும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்துவிடுங்கோ. பீவீசி உறை நாள் போக அமில ஆவி விடும், ஈரத்தையும் அடைச்சு வைக்கும். நப்தலீனையும் எடுங்கோ, வீட்டில பச்சைப்பிள்ளை இருந்தால் கட்டாயம் எடுங்கோ. ஒரு பிறவி நொதிக் குறைபாடு உள்ள குழந்தையளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிறகு ஒரு பழைய வெள்ளை வேட்டி, எத்தினையோ தரம் தோய்ச்சுக் கஞ்சிப் பசை முழுக்கப் போனது, கரை வெட்டினது. நீலம் போடாமல் தோய்ச்சுக் காய விட்டு, அதில சீலையை மடிப்புக் குலையாமல் வைச்சுச் சுத்துங்கோ. அமிலமில்லாத தாள் எண்டு வெளிநாட்டில விலைக்கு வாங்கிற வேலையைப் பழைய வேட்டி நல்லாவே செய்யும். மேல பாரம் ஒண்டும் வைக்காதேங்கோ. நிலத்தில வைக்காதேங்கோ, வெளிச்சுவரோட ஒட்டின அலுமாரித் தட்டிலயும் வேண்டாம். மாரியில சுவர் ஈரத்தை உறிஞ்சும், ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நிண்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கொக்குவில் பேத்தி:

அன்ரி, வாசிச்சு முடிக்கேக்க கண் கலங்கிப் போச்சு. பேப்பர், பிளாஸ்டிக், உருண்டை எல்லாம் எடுத்தாச்சு. அப்பாவின்ர வேட்டி ஒண்டில சுத்தி வைச்சிருக்கிறன்.

பூதக்கண்ணாடியால பார்த்தன். கறுத்த இடத்தில உள்ளுக்குச் சிவப்பு நூல் தெரியுது. பச்சை ஒரு மூலையில மட்டும்தான், பொடி மாதிரி. கொய்யகம் (முன்பக்க மடிப்பு) வாற பக்கமா மஞ்சள் கறை ஒண்டு இருக்கு, அதுக்குப் பக்கத்தில வட்டமா ஒரு சந்தனப் பொட்டளவு வெளிறின இடம். அதையாவது எடுக்கலாமா? சித்தப்பா சொல்லுறார், அந்தக் காலத்துச் சிவப்பெல்லாம் சாயவேர்ச் சிவப்பு, அதால கறை எடுக்கப் பயப்பிடத் தேவையில்லை எண்டு.

பேசாலைக் கடற்கரை:

சாயவேர் எங்கட மன்னார்ப் பக்கம் மணலில இப்பவும் முளைக்குது. சின்ன வெள்ளைப் பூ, ஈர்க்கை விட மெல்லிய வேர். அதில சாயம் போட்ட ஆக்களை நான் காணேல்லை. அன்ரி, அதின்ர கதையையும் கொஞ்சம் எழுதுங்கோ.

உரும்பிராய் பழந்துணி:

பிள்ளை, சிவப்பு நூல் தெரிஞ்சது நல்ல சேதி. வெள்ளிச் சரிகையின்ர உள்நூலுக்குப் பொன் நிறம் எடுபட எண்டு சிவப்பு அல்லது மஞ்சள் சாயம் போடுறவை. பிளாஸ்டிக் சரிகை பிறகுதான் வந்தது, அது கறுக்காது, உரிஞ்சு வெள்ளையாகும். பச்சைப் பொடியை ஊதாதேங்கோ, கையால தட்டாதேங்கோ. அந்த மூலைக்கும் அடுத்த மடிப்புக்கும் நடுவில ஒரு வெள்ளைத் துணித் துண்டை மட்டும் மெல்லமாச் செருகிவிடுங்கோ, பச்சை பட்டில ஏறாது.

மஞ்சள் கறையை விடுங்கோ. மஞ்சளின்ர குர்க்குமின் சவர்க்காரம் மாதிரிக் காரம் பட்டால் சிவந்து போகும், குங்குமம் செய்யிறதே மஞ்சளில சுண்ணாம்பு சேர்த்துத்தான். வெயிலில போட்டால் மஞ்சள் வெளிறும் எண்டது உண்மை. ஆனால் மஞ்சளை வெளிற வைக்கிற அதே வெயில் பட்டையும் அறுக்கும். அதை விட எனக்கு முக்கியமான காரணம் ஒண்டு இருக்கு. அந்த மஞ்சளும் சந்தனமும் 1956 இல மணவறையில பட்டதா இருக்கக்கூடும். உங்கட அம்மம்மா கூறை மாத்திக்கொண்டு வந்து இருந்த இடம், ஐயர் நிண்ட பக்கம், அறுகரிசி போட்ட கைகள் எல்லாத்துக்கும் இருக்கிற ஒரே சாட்சி அது. துணியை அரிக்கிற ஊத்தை எண்டால் நான் எடுக்கச் சொல்லுவன். இது அப்பிடி இல்லை. சீலையில பட்ட வாழ்க்கையைத் துடைச்சு எடுத்துப்போட்டு வெறும் பட்டைக் காப்பாத்திறதில எனக்குச் சம்மதமில்லை. நான் வேலை செய்த இடத்திலயும் இதுக்காக நிண்டு வாதாடியிருக்கிறன்.

சித்தப்பாவுக்குச் சொல்லுங்கோ, சாயவேர் பற்றி அவர் நினைக்கிறதில ஒரு பெரிய உண்மை இருக்கு, ஆனால் இந்தச் சீலைக்கு அது பொருந்தாது. சாயவேரின்ர வேர்ப்பட்டையில இருக்கிறது அலிசரின். தனிய அது துணியில நிக்காது, படிகாரம் வேணும். பருத்தியைக் கடுக்காயிலயும் எருமைப்பாலிலயும் தோய்ச்சு, படிகாரத்தை ஏத்தி, பிறகு வேரோட சேர்த்து அவிச்சால் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். சோழமண்டலக் கரையின்ர சித்திரத் துணிகள் ஐரோப்பாவைக் கிறங்க வைச்சது இந்தச் சிவப்பாலதான். சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் எடுப்பா வரும். கிளிஞ்சல் மணலில விளைஞ்ச வேருக்கு மதிப்பு வந்ததும் அதாலதான். 1658 இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர் இந்த வேர் கிண்டிற உரிமையைத் தங்கட கிழக்கிந்தியக் கும்பனியின்ர கையில வைச்சிருந்தவை. எங்கட மணல்தரையும் மன்னார்த் தரையும் அவையளுக்குக் காசு. அந்த வேரைக் கிண்டிக் குடுத்த ஆக்கள் விரும்பிச் செய்த வேலை இல்லை அது, சாதியின்ர பேரால அவையளில சுமத்தின ஊழியம். சாயவேரின்ர வடிவைப் பற்றிக் கதைக்கிறவை இதையும் சேர்த்துக் கதைக்க வேணும்.

1868 இல கிறேபே, லீபர்மான் எண்ட ரெண்டு ஜெர்மன்காரர் அலிசரினை ஆய்வுகூடத்தில செய்து காட்டிச்சினம். அடுத்த வருசமே தொழிற்சாலைக்கான வழியும் வந்திட்டுது. வேர்ச்சாய வியாபாரம் அதோட சரிஞ்சது. 1956 ஆம் ஆண்டுப் பட்டின்ர சிவப்பு செயற்கைச் சாயம் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ, ஈரம் பட்டால் ஓடும் எண்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. பேசாலைத் தம்பி, உங்கட மணலில அது இன்னும் முளைக்குது எண்டால் இடத்தைக் குறிச்சு, படம் எடுத்து வையுங்கோ. வேரோட பிடுங்கிறதுக்கு முதல் விதை சேர்க்கப் பாருங்கோ.

சுன்னாகம் சிவா:

நல்லவேளை அன்ரி சொன்னியள். எங்கட அம்மாவின்ர கூறையும் அலுமாரியில கிடக்கு. அதில வெள்ளிப்பூச்சி கண்டனான். என்ன செய்யிறது?

உரும்பிராய் பழந்துணி:

தம்பி, வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சியும் பேப்பரும்தான் முக்கியமான சாப்பாடு. அலுமாரித் தட்டில விரிச்ச பேப்பரை எடுத்து, மூலை முடுக்கெல்லாம் துடையுங்கோ. வேப்பிலை வைக்கிறதெண்டால் நல்லாக் காயவைச்சுத் துணிப்பையில கட்டி ஒரு மூலையில வையுங்கோ, சீலையில முட்டினால் கறை பிடிக்கும். துணியில புழு கண்டால் மட்டும் எழுதுங்கோ, அதுக்கு வேற வழி.

கொக்குவில் பேத்தி:

அக்கா கோல் எடுத்தவ. வெட்டமாட்டன் எண்டு சொல்லக் கோவிச்சுக்கொண்டு வைச்சிட்டா. அவவும் அம்மம்மாவின்ர பேத்திதானே, அவவுக்கும் உரிமை இருக்கு. அவவுக்கு என்ன சொல்லலாம்?

உரும்பிராய் பழந்துணி:

அவவின்ர ஆசையில பிழையில்லை. நான் எழுதுறதை அப்பிடியே அனுப்பிவிடுங்கோ.

மகள், பட்டைக் கண்ணாடிச் சட்டத்தில போட்டு விறாந்தையில மாட்டினால் கண்ணாடி தூசியைத்தான் தடுக்கும். அருங்காட்சியகத்தில பட்டை 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சத்தில, அதுவும் சில மாசம் மட்டும் வைச்சிட்டுத் திரும்ப இருட்டுக்குள்ள எடுத்து வைக்கிறது. லண்டனில மேகமூட்டமான நாளில யன்னலோரம் வாற வெளிச்சமே அதை விடப் பல மடங்கு. சிவப்பு வெளிறினால் திரும்ப வராது. வெட்டினாலோ, அந்தக் கோர்வையும் முந்தானையும் எங்க துவங்கி எங்க முடியுது எண்டதே போயிடும். பிறகு அது ஒரு சீலை இல்லை, ரெண்டு துண்டு.

எங்கட ஊரில கனபேர் கூறையோடதான் எரிஞ்சவை. சுமங்கலியாப் போன மனுசிக்கு அதை உடுத்தி அனுப்பிறதை நான் குறை சொல்லேல்லை, என்ர அம்மாவையும் அப்பிடித்தான் அனுப்பினனாங்கள். அதால 1950 களின்ர கூறை ஒண்டு முழுசாக் கிடைக்கிறது அருமை. மிஞ்சினதிலயும் எத்தினை ஓட்டத்தில போச்சு. உங்கட குடும்பத்தில ஒண்டு தப்பியிருக்கு. நல்ல கமராவால முந்தானையை உள்ள அளவுக்கே படம் எடுத்து, பருத்தித் துணியில அச்சடிச்சு மாட்டுங்கோ. அதை எவ்வளவு வெளிச்சத்திலயும் வைக்கலாம். வெடிப்பில ஏற்கெனவே கழண்டு விழுந்த நூல் இருந்தால் தங்கச்சி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில போட்டு அனுப்புவா.

பேத்திப் பிள்ளை, உங்களுக்கும் ஒரு வேலை. அம்மாவைப் பக்கத்தில இருத்தி, சீலையை ஆர் எடுத்தது, எந்தக் கடை, என்ன விலை, மாப்பிள்ளை வீடு எந்த ஊர், கொடிகாமத்தில பெட்டி எந்த அறையில இருந்தது எல்லாம் கேட்டு எழுதுங்கோ. பென்சிலால எழுதுங்கோ, மை ஈரத்தில ஊறும். அந்தத் தாளைச் சீலைக்குள்ள வைக்காமல் வெளியில தனி உறையில கட்டுங்கோ.

கொக்குவில் பேத்தி:

அக்கா ஓமெண்டிட்டா. அச்சடிக்கிற காசு தான் தாறாவாம். அம்மா கடையின்ர பேரைக்கூட ஞாபகம் வைச்சிருக்கிறா, பெரிய கடைத்தெருவில எண்டு சொன்னா. மடிப்பை எப்ப, எப்பிடிப் பிரிக்கிறது அன்ரி?

உரும்பிராய் பழந்துணி:

மாரி முடிஞ்சு பனியும் போகட்டும். பங்குனி மாதம், சோளகக் காத்து எழும்பிப் புழுதி வாறதுக்கு முதல், வெயில் ஏறின பிறகு அறைக்குள்ள செய்யிறது நல்லது. ஃபான் போடக்கூடாது. நிலத்தில பாய் போட்டு மேல தோய்ச்ச படுக்கை விரிப்பு. மூண்டு பேர் வேணும், மோதிரம் வளையல் எல்லாம் கழட்டிவிட்டு.

புடைவைக் கடையில துணி சுத்தி வாற மட்டைக் குழாய் ஒண்டு கேளுங்கோ, கைக்குள்ள அடங்காத மொத்தம், சீலையின்ர அகலத்தை விட ரெண்டு பக்கமும் ஒரு சாண் கூட நீளம். மட்டையிலயும் அமிலம் இருக்கும், அதால முதல்ல சமையல் அலுமினியத் தாளைச் சுத்தி, அதுக்கு மேல வேட்டித் துணி சுத்துங்கோ. முந்தானை இல்லாத பக்கத்திலயிருந்து, இழுக்காமல், சீலையோட இன்னொரு மெல்லிய வெள்ளைத் துணியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போங்கோ. சரிகை பட்டில உரசாது. மடிப்புக் கோட்டைக் கையால நீவவேண்டாம், அயனும் வேண்டாம். வெடிச்ச இடம் வந்தால் நிப்பாட்டி, அதுக்குக் கீழ ஒரு துண்டு மெல்லிய பட்டைச் செருகிவிட்டு மேல போங்கோ. அந்த இடங்களைப் பிறகு நான் வந்து பார்க்கிறன். கிழிசலுக்குக் குறுக்க மயிர் போல பட்டு நூலை ஓடவிட்டு, இடைக்கிடை சின்னத் தையலால அடியில இருக்கிற துணியோட பிடிக்கிறது ஒரு முறை இருக்கு, ஊசித்துளை பழைய நூலுக்கு நடுவிலதான் போகவேணும், நூலைக் குத்தக்கூடாது. அதை உங்களுக்குப் பழக்கிவிடுவன்.

சுருட்டி முடிச்சு அகலமான துணி நாடாவால மூண்டு இடத்தில தளர்வாக் கட்டுங்கோ. றப்பர் பாண்ட் போடாதேங்கோ. குழாயின்ர ரெண்டு நுனியும் தாங்கியில இருக்க, சீலை தட்டில முட்டாமல் நிக்கவேணும். குழாய் கிடைக்காட்டில் தனிமடலில சொல்லுங்கோ, என்னட்ட நீளமானது ஒண்டு கிடக்கு.